அடக்கப் பதிவேட்டில் ஜாரெட்

சஃபோக், இங்கிலாந்து
9 நவம்பர் 1926

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் மட்டும்தான்; இந்தத் தேவாலயத்தில் கணப்பு இல்லை.

நம் குடும்பத்தில் முதலில் கப்பலேறி மாசசூசெட்ஸுக்கு வந்த ஜாரெட் பிளிண்டனின் பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் கண்டேன். நீங்கள் சொன்னபடியே இவ்வூர்ப் பிரபுவின் மகன். நான் துள்ளியதைப் பார்த்து, தேவாலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை டாகெட் சிரித்தார்.

"இந்த வருஷம் இவரைத் தேடி வந்த நாலாவது அமெரிக்கக்காரர் நீங்க. பிரபு வீட்டுப் பிள்ளைன்னு பார்த்ததும் எல்லாரும் வாயெல்லாம் பல்லா கிளம்பிடறாங்க. அடக்கப் பதிவேட்டையும் கொஞ்சம் புரட்டுங்களேன், ஐயா."

புரட்டினேன். அந்த ஜாரெட் கப்பலேறவே இல்லை, இங்கேயேதான் அடக்கம். நம்முடையவர் வேறு யாரோ ஒரு ஜாரெட். மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

அம்மாவின் கல்லறையில் பிரபு குடும்பத்தின் சின்னத்தைச் செதுக்க வேண்டாமென்று கல்தச்சரிடம் சொல்லிவிடுங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அக்காவை நாலு வரி எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியாவது.

டாகெட் சாவிக்கொத்தை ஆட்டுகிறார், முடிக்கிறேன். மூன்று தலைமுறையாக நாம் பெருமையடித்துக்கொண்ட அந்தப் பாட்டனுக்கு, அப்பா, சாகும்போது வயது இரண்டு.

உங்கள் மகன்,
ஹோரஸ்