ரிஃப்னா மிஸ்ஸியின் கைராசி

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரேமினி வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் சுகம். ஒப்பரேஷன் செய்த முழங்காலில் வீக்கம் வற்றியதா? வட்டகொடையில் இன்னும் மழைதானா? போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

"ரிஃப்னா மிஸ்ஸி பெத்த புள்ள மாதிரி தோளப் புடிச்சுக்கிட்டாங்க. முதுகுல ஊசி போட்டதும் கால் மரத்துருச்சு. என்னா கைராசி" என்று அந்த ஆஸ்பத்திரி நேர்ஸைப் பற்றி லயத்து வீடுகள் முழுக்கச் சொல்கிறீர்களாம். அண்ணி சொன்னார்.

அது கைராசி இல்லை அம்மா. மரத்துப்போகும் மருந்தில் அமிலம் அதிகம், அதனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். புளித்த மாவுக்கு நீங்கள் அப்பச்சோடா போடுவீர்களே, அப்படி இதிலும் ஒரு சோடா மருந்தைக் கலந்தால் சீக்கிரம் மரத்துவிடும். இங்கே ஒப்பரேஷன் தியேட்டரில் தினமும் அதைத் தயார்செய்து கொடுக்கும் நேர்ஸ் நான்தான். ஊரார் அம்மாக்களின் தோளைப் பிடித்துக்கொள்வதும் நான்தான். என்னை யாரும் கைராசிக்காரி என்றதில்லை.

அண்ணி சொன்ன மறுநாள் அதையே நினைத்துக்கொண்டு சோடாவை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன். மருந்து பால் மாதிரிக் கலங்கிவிட்டது. பயப்படாதீர்கள், உடனே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். டொக்டர் சிரித்தார்.

நம் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள், ரிஃப்னாவுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்.

மற்ற முழங்காலுக்குத் திகதி கொடுத்ததும் சொல்லுங்கள். லீவு கேட்டு வைத்திருக்கிறேன். சோடாவை அவளே கலக்கட்டும். தோளை நான் பிடித்துக்கொள்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

நீங்கள் பெற்ற பிள்ளை,
பிரேமினி