இரண்டு தடவை அடித்த எண்

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடைப் பெண் அரிசிப் பையை ஸ்கேனரில் காட்டினாள். பீப் என்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. "முதல் தடவை எடுக்காது அங்கிள், ரெண்டு தடவை அடிக்கணும்லா" என்றாள். உன் முகம்தான் முன்னால் வந்து நின்றது. நீ செத்து எட்டு மாதமாகியும் என் கோபம் ஆறவில்லை.

துவாஸ் கிடங்கு வாசலில் ஊழியர்கள் பொத்தானை அழுத்தி, தங்கள் எண்ணை அடித்து உள்ளே போகும் நிரலை 'கோ' என்னும் கணினி மொழியில் எழுதியவன் நான். பொத்தானை அழுத்திவிட்டு யாராவது நகர்ந்துவிட்டால் நிரல் காத்துக்கொண்டே நின்றது. முப்பது வருட நண்பனும் அங்கே என் மேலதிகாரியுமான நீ சொன்னாய்: "பத்து செகண்ட் கெடு வச்சு டைம்அவுட் போடு, முடிஞ்சுது. ஏன்டா இழுக்கற?"

"போட்டா திரைதான் மாறும். எண்ணைப் படிக்க உள்ள காத்திருக்கற ரீட் எழுந்து போகாது. அடுத்த ஆள் அடிக்கறத அது முழுங்கிடும்."

"டிகிரி வாங்கினது நானா, நீயா?" என்று சிரித்தாய். அந்த டைம்அவுட் வரிகளை நீயே எழுதிச் சேர்த்தாய்.

நான் சொன்னபடியே நடந்தது. ரத்தாகாத பழைய ரீட், அடுத்தவர் அடித்த எண்ணை எடுத்துத் தொலைத்தது. டார்மிட்டரியில் தங்கி வேலைக்கு வரும் ஆட்கள் இரண்டாம் தடவை அடிக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு தடவையோடு உள்ளே போனவர்கள் வேலைக்கு வரவில்லை என்று பதிவானது. புகார் எழுந்ததும் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் என்னைக் கைகாட்டினாய். "இவரு தானா கத்துக்கிட்டவரு. அதான் இப்படி." அன்றே அந்த வேலையிலிருந்து என்னை எடுத்தார்கள்.

நீ படுக்கையில் விழுந்தபின் அதைச் சரிசெய்ய என்னையே கூப்பிட்டார்கள். நிரல் ஓடும்வரை எண்ணைப் படிப்பதற்கென்றே தனியாக ஓடும் ஒரே ஒரு துணைவேலை, கோவில் அதற்குக் கோரூட்டின் என்று பெயர். வரும் எண்ணை அது சேனல் என்ற குழாயில் போடும். பத்து செகண்ட் கெடு, சேனலின் மறுமுனையில் காத்திருக்கும் பகுதிக்கு மட்டும். அது பாதியில் எழுந்து போனாலும் அடுத்தவர் எண் தொலையாது. அவ்வளவுதான் திருத்தம். உன் வரிகளை நான் அழிக்கவில்லை. கணினி கண்டுகொள்ளாத வெறும் குறிப்பாக்கி, மேலே உன் பெயரை முழுதாக எழுதிவைத்தேன். அந்தப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ இரண்டு தடவை போன் செய்தாய். மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கவா, பெயரை எடுக்கச் சொல்லவா, தெரியாது. கூட்டத்தில் சொன்னதைப் போனில் திரும்ப வாங்க முடியாது.

எடுக்காத அந்த இரண்டு அழைப்புகளும் என் போனில் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் அழிக்கவில்லை.