நீ இல்லாமல் பார்த்த கிருஷ்ணாபுரம்

என் பிரியமுள்ள சரசு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். நீ வந்து பார்க்காத ஊர். நீ போய்ச் சில மாதங்களில் ஆபீசில் என்னைத் திருநெல்வேலிக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் இதுதான் என் கடைசி ஊராக இருக்கும். மாடியில் இரண்டு அறை உள்ள வீடு. சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு முருங்கை மரமும் அதற்குப் பின்னால் ஒரு மாதா கோயிலின் உச்சியும் தெரிகின்றன. பள்ளிக்கூட மணியோ கோயில் மணியோ கேட்காமல் பாளையில் ஒரு மணி நேரம் போவதில்லை. சத்தத்தை வைத்தே நீ இந்த ஊரைப் படம் போட்டிருப்பாய்.

நம் மகள் கலா உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவத்தைப் பெங்களூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். "உங்க வீட்டுல பார்த்துக்க யார் இருக்காங்க?" என்று கேட்டார்கள். குத்தலாகக் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சாமான்களில் பாதி இன்னும் சாக்கில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அதற்கு ஒரு காரணம் இருந்தது. மாற்றலாகிப் போன ஊரில் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ பாத்திரத்தை அடுக்கமாட்டாய். தலை வாரிக்கொண்டு வாசலில் நிற்பாய். "ஊரைப் பார்த்துட்டு வந்து அடுக்கிக்கலாம்" என்பாய். வேலூரில் கோட்டை அகழியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, அரிசிப் பானை எந்தச் சாக்கில் இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டலில் சாப்பிட்டோம்.

சர்க்கரை உன் கண்களை எடுத்துக்கொண்ட பிறகும் நீ அந்த வழக்கத்தை விடவில்லை. தஞ்சாவூருக்குப் போன முதல் ஞாயிறும் கிளம்பிவிட்டாய். பெரிய கோயில் வாசலில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாய். "ரொம்ப அழகா இருக்கு சரசு" என்றேன். நீ கையை எடுத்துவிட்டாய்.

"இதையா உங்க பேப்பர்ல போடுவீங்க? என்ன இருக்குன்னு சொல்லுங்க."

அன்றைக்குத்தான் நான் சொல்லக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். எந்தக் கால் முன்னால் இருக்கிறது, எந்தக் கை உடைந்திருக்கிறது, துணியின் மடிப்பு எங்கே போய் முடிகிறது. நீ ஒன்று கேட்பாய், நான் திரும்பவும் போய்ப் பார்ப்பேன். பல சிற்பங்களை உன் கேள்விக்குப் பிறகுதான் நான் பார்த்தேன். எதிரே வருகிறவர்களுக்கு நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போவதாகத் தோன்றியிருக்கும்.

உனக்குச் சொன்னதைத்தான் வீட்டுக்கு வந்து எழுதுவேன். ஞாயிறு மலரில் ஊர் பார்க்கும் பக்கம் அப்படித்தான் வந்தது. நீ போன பிறகு அந்தப் பக்கத்துக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மாமன்றக் கூட்டம், பஸ் விபத்து, கலெக்டர் பேட்டி எல்லாம் தவறாமல் போகின்றன. அவற்றுக்குக் காது போதும். பார்த்து எழுதுவது மட்டும் நின்றுவிட்டது.

ஒரு நாள் மலரின் பொறுப்பாசிரியர் போன் செய்தார். "நெல்லையைப் பத்தி ஒண்ணு எழுதிக் கொடுங்க சார். இந்த மாசக் கடைசி வரைக்கும் பக்கத்தை வெச்சிருக்கேன். முடியலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க, வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்." உன்னை அடக்கம் செய்த அன்று மூன்று பஸ் மாறி வந்தவர் அவர். கனிவாகத்தான் சொன்னார். பக்கம் போனால் சம்பளத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரையும் போய்ப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்காது. அதை நினைத்துத்தான் பயந்தேன்.

பயந்தேனே தவிர, கிளம்பவில்லை. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சிதான் விடவில்லை. டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிறார்.

"என்ன சார்வாள், வந்து இம்புட்டு நாளாச்சி, இன்னும் நெல்லையப்பரப் பாக்கலியாமே?"

"போகணும் அண்ணாச்சி."

"போகணும் போகணும்னு சொல்லுதவன் எவன் போயிருக்கான்? சட்டையப் போட்டுட்டு வாரும். நான் கடைக்குத்தான் போறேன், பின்னால ஏறும்."

அவர் ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டும்போது கீழே தாமிரபரணி ஓடிற்று. பாறை தெரிகிற அளவுக்குத்தான் தண்ணீர். படித்துறையில் துணி துவைக்கும் சத்தம் மேலே வரை வந்தது. கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டு, "பைய பாத்துட்டு வாரும், வயசான கோயிலு, எங்கயும் ஓடிராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது பட்டர் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். வாயில் வந்தது உன் பேர், உன் நட்சத்திரம். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை செய்வார்கள் என்று நினைவு வருவதற்குள் அவர் தொடங்கிவிட்டார். குங்குமத்தைக் கொடுக்கும்போது, "மாமி வரலையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். அது பொய்யும் இல்லை.

மணிமண்டபத்து இசைத்தூண்களுக்கு வந்தேன். ஒரே கல்லில் நடுவே பருத்த தூண் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய தூண்கள். வெளியூர்க்காரர் ஒருவருக்காகக் கோயில் ஆள் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். தூணுக்குத் தூண் குரல் மாறியது. நான் சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நீ வந்திருந்தால் என் கையை விட்டுவிட்டு, தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றிருப்பாய். எனக்குத் தெரியாத எதையோ நீ எனக்குச் சொல்லியிருப்பாய். அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து, கோயிலின் நீள அகலத்தை எழுதிவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்கியபோது கிருஷ்ணாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். திருச்செந்தூர் ரோட்டில், பாளையிலிருந்து கொஞ்ச தூரம்தான். இருவர் உட்காரும் சீட்டில் சன்னலோரம் உனக்கு விட்டுவிட்டு இந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து நின்றார்.

"உள்ள தள்ளி உக்காரும் அண்ணாச்சி. அந்த எடத்துக்கு யாரு வாராவ?"

தள்ளி உட்கார்ந்தேன். பனைகள் போயின. நடுவில் எங்கேயோ ஒரு வாழைத் தோட்டம் வந்தது. குலை தள்ளிய மரங்களுக்கெல்லாம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு செங்கல் சூளை புகைந்தது. இதையெல்லாம் உதட்டுக்குள்ளேயே உனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

அது பெருமாள் கோயில். சிற்பங்கள் மண்டபத்தின் தூண்களில் இருக்கின்றன. ஆள் உயரம், சில அதற்கும் மேலே. தெருவும் அமைதி, கோயிலும் அமைதி. அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவனின் சிலைக்கு முன்னால் நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை என்று நினைத்து, வாய்விட்டே சொல்லத் தொடங்கினேன். "அவளைத் தோள்ல தூக்கி வெச்சிருக்கான். பாரத்துல விலா எலும்பு ஒண்ணொண்ணா தெரியுது. மீசை முறுக்கி இருக்கு. கழுத்துல மணி. வயிறு உள்ள போயிருக்கு, மூச்சு வாங்கறான்..."

"ஏங்க, இங்கன வாங்க, கைடு நிக்காரு" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அவள் கணவன், கணவனின் அம்மா. பாளையில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு ஏரலுக்குத் திரும்பும் வழியில் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் தலையில் கல்யாண வீட்டுப் பூ.

"நிப்பாட்டிட்டியளே, சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் கைடு இல்லம்மா."

"பின்ன யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தீய?"

"மறந்துபோகாம இருக்கறதுக்கு" என்றேன்.

கணவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இதுக்குக் கதை தெரியுமா ஒமக்கு?"

"கதை தெரியாது. என்ன இருக்கோ அதைத்தான் சொல்றேன்."

"இருக்கதுதான் எங்க கண்ணுக்கே தெரியுதே வே."

"சும்ம கெடலே" என்றாள் அவன் அம்மா. "அவரு சொன்ன பொறவுதான் எனக்கு அந்த எலும்பு தெரிஞ்சுது. நீரு சொல்லும்."

நான் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. குறவனின் கால், இடுப்புத் துணி, விரல் இடுக்கு வரைக்கும் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அவனப் பத்தியே சொல்லுதியளே. தூக்கிட்டுப் போறானே, அந்தப் புள்ளைக்கு இஷ்டமா, இஷ்டமில்லியா?"

நான் அந்த அரசகுமாரியின் முகத்தைப் பார்த்திருக்கவே இல்லை.

"இஷ்டமில்லாமலா அப்படி உக்காந்திருக்கா?" என்றான் கணவன்.

"விழுந்துறக் கூடாதேன்னு உக்காந்திருக்கா. ஒங்க மோட்டார் சைக்கிள்ள பின்னால நானுந்தான் உக்காருதேன். இஷ்டத்துலயா உக்காருதேன்?"

கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பயம்போல இருந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து வேறு எதுவோ போல இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலன்னு சொல்லுத கைட இப்பந்தான் பாக்கேன்" என்றாள். கிண்டல்தான், ஆனால் குரலில் ஒரு பிரியம் இருந்தது. தாம்பூலப் பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கணவன் வாசலுக்குப் போய்விட்டான். போகிற போக்கில் அவள் திரும்பிச் சொன்னாள்: "அடுத்த மட்டம் வீட்டுல இருக்க மதினியையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"சரிம்மா" என்றேன்.

அவர்கள் போன பிறகு மண்டபம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. அவள் கேட்டது நீ கேட்டிருக்கக்கூடிய கேள்வி. நீ கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நீ மறுத்திருப்பாய். பஸ் வரும்வரை சண்டை போட்டிருப்போம். இப்போது அந்தக் கேள்வி என் கையிலேயே நின்றது, அந்தப் பழங்களைப் போல. யாரிடம் கொடுப்பது, சரசு?

பக்கத்தில் இன்னொரு தூணுக்குப் போனேன். அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மண்டபத்தின் வெயில் தரையில் நகர்ந்து என் கால்மேல் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன், நான் பேசவில்லை. வாய்விட்டும் பேசவில்லை, உதட்டுக்குள்ளும் பேசவில்லை. உனக்குச் சொல்லாமல் ஒன்றை முழுதாகப் பார்த்து முடித்திருந்தேன். பார்க்க முடிகிறது என்பது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, உன்னை ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டு நான் மட்டும் ரயிலில் வந்துவிட்டதைப் போல இருந்தது. ரோட்டோரத்தில் நின்று அழுதேன். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் ஃபேக்ஸில் போயிற்று. மலரில் வந்தது, ஒரு பத்தியை வெட்டியிருந்தார்கள், அது வழக்கம்தான். பக்கம் என்னிடமே இருக்கிறது. சுடலைமுத்து அண்ணாச்சி முழுதாகப் படித்துவிட்டு மாடிக்கு வந்தார். "எல்லாம் சரி சார்வாள். திருநேலியப் பத்தி இம்புட்டு எழுதிட்டு அல்வாவப் பத்தி ஒரு வரி இல்லியே, ஊர்ல ஒமக்கு யாரு தண்ணி குடுப்பா?"

கட்டுரையில் அந்த இரண்டாவது தூண்தான் பாதிக்கு மேல். அதில் என்ன இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பேப்பர் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். டீக்கடையில் இரவல் வாங்கிப் படித்தவர்களுக்கும் தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்தவற்றில் உனக்குத் தெரியாத முதல் பொருள் அது.

தசரா வருகிறது. குலசேகரன்பட்டினத்தில் வேஷம் கட்டி ஆடுகிறவர்களைப் பார்க்கப் போகிறேன். அதற்குப் பிறகு பாபநாசம், மழை விட்டதும். போகிற இடத்தில் எல்லாம் முதலில் பார்த்து முடிக்கிறேன், பிறகு உனக்குச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டுப்போவதும் இருக்கும், போகப்போக அது கூடும். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இன்ன ஊரில் உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது என்றாவது ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
முழங்கையைக் கொடுத்து உன் பக்கத்தில் நடந்த
உன் வீட்டுக்காரன்