மீனாவின் தாள்

பொன்னேரி, ஜூலை 1974, வெள்ளி இரவு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு என்னையே மன்னித்துக்கொள்கிறேன். என் மகள் மீனா இப்போதுதான் தூங்கினாள்.

எங்கள் கல்லூரி உளவியல் பேராசிரியை தம் ஆராய்ச்சிக்கு என் வகுப்புத் தோழி வசந்தாவைச் சேர்த்துக்கொண்டார். நான் பிள்ளைக்காரி என்பதால் என்னைக் கேட்கவே இல்லை. இன்று அவள் மூன்று வயதுக் குழந்தைகளைச் சோதிக்க எங்கள் தெருவுக்கே வந்தாள். மீனா கட்டைகளை மளமளவென்று அடுக்கினாள்.

"இன்னாடி, பொண்ணு இம்மாம் கெட்டிக்காரியா கீறா! ஒன்ன மாரி மசமசன்னு இல்லியே!" என்று சிரித்துக்கொண்டே தாளில் மதிப்பெண் குறித்தாள் வசந்தா.

அவள் முன்னால் என் பெண்ணாவது ஜெயிக்கட்டும் என்று வகுப்பில் படித்த அந்தக் கட்டைச் சோதனையையே வாரம் முழுக்க மீனாவுக்குப் பழக்கியிருந்தேன். அதைச் சொல்லாமலே அவளை அனுப்பிவிட்டேன்.

காலையில் பேராசிரியைக்கு எழுதிவிடுவேன்: "மேடம், மீனாவின் தாளை எடுத்துவிடுங்கள். நான் முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டேன். இதற்குப் பிறகும் உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு ஒரு வேலை தருவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்."