ஐந்தாம் சுற்றில் வந்த சேதி

சாந்தா யுலாலியா சர்க்கரை ஆலைக் குடியிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

பயிற்சியாளர் எவாரிஸ்தோ மொந்தேரோ அவர்களுக்கு,

நீங்கள் என் அண்ணி அல்தகிராசியாவைச் சாகவிட்டீர்கள். பிறகு என் அண்ணனிடம் பொய் சொன்னீர்கள். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'டான்' போடவில்லை என்று கோபப்படாதீர்கள். முன்பு எழுதிய கடிதங்களில் போட்டேன். அவற்றுக்குப் பதில் வரவில்லை.

தலைநகரில் அண்ணன் தியோபிலோ உங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பத்திரிகையில் வந்த அவன் படத்தை ஆலைக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் முகத்தில் யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள். நான் இல்லை.

அன்று பேஸ்பால் மைதானத்தில் அவன் சாதித்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழக்கமாகப் பந்து வீசுகிறவன் ரம் குடித்துவிட்டு எழுந்திருக்காத நாள் அது. வேறு ஆள் இல்லாமல்தான் தியோபிலோவை அனுப்பினீர்கள். கொதிகலனுக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிறவன், தலை நரைக்கத் தொடங்கியவன், இத்தனை வருடமும் மற்றவர்கள் அடித்துப் பழகப் பந்து போட்டவன். "சக்கை தள்ளுறவன் பந்து தள்ள வந்துட்டான்டா" என்று சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. எதிராளி ஆலையின் பெரிய மட்டைக்காரனே மட்டையைத் தரையில் போட்டுவிட்டு, "தூங்கிக்கிட்டே வர்ற பந்து, கிட்ட வந்ததும் முழிச்சுக்குதே" என்றானாம். இதெல்லாம் தொமிங்கா சொன்னது.

தொமிங்காவை உங்களுக்குத் தெரியும். மைதானத்தில் ரொட்டி பொரித்து விற்கிறவள். அன்று என் வீட்டிலிருந்து ஓடி வந்தவளும் அவள்தான். அண்ணிக்கு நாள் வருவதற்கு முன்பே வலி எடுத்தது. ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டு, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள். ஆலைக்கு இருப்பது ஒரு ஜீப். அது மைதானத்து ஓரத்தில் நின்றது. சாவி உங்கள் பையில் இருந்தது.

ஒன்பது சுற்று ஆட்டத்தில் ஐந்தாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. தொமிங்கா சொன்னதைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்து பெஞ்சுக்குப் பின்னால் இழுத்துப் போனீர்கள். "இன்னும் ஒருத்தனும் அவன் பந்தை அடிச்சு ஓடல. இப்ப அவன்கிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடியட்டும், நானே சொல்றேன்" என்றீர்கள். ஜீப்பையாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். வண்டி கிளம்பினால் அவன் திரும்பிப் பார்ப்பான், கவனம் கெட்டுவிடும் என்றீர்கள்.

அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். ஒருவன் அப்படி யாரையும் அடிக்கவிடாமல் பந்து வீசிக்கொண்டிருந்தால், ராசி கெட்டுவிடும் என்று அவனோடு யாரும் பேச மாட்டார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அண்ணன் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். தொமிங்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவளும் இந்த ஊர்க்காரிதானே. வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதை நினைத்து இன்னும் அழுகிறாள். பெஞ்சில் இருந்த எல்லோர் காதிலும் சேதி விழுந்தது. கரும்பு வெட்டுக் காலம் வந்தால் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவர் அப்போது நீங்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

மைதானத்திலிருந்து சத்தமே வரவில்லை. வீட்டில் வலியோடு படுத்திருந்த அண்ணி அதைக் கவனித்தாள். "எர்மினியா, ஒரு கூச்சலும் கேக்கலையே, உங்கண்ணனா போடறாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வலியோடு சிரித்தாள். "அப்ப அவருகிட்ட யாரும் பேச மாட்டாங்களே" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஜீப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசியில் கூச்சல் வந்தபோது அது அல்தகிராசியா காதில் விழவில்லை. அண்ணனைத் தோளில் தூக்கி, மத்தளம் அடித்துக்கொண்டு வாசல்வரை கொண்டுவந்தீர்கள். அதுவரைக்கும் நீங்கள் அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் பிணத்தின் பக்கத்தில் நின்று, ஆட்டம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது, தங்கை தாமதமாக ஆள் அனுப்பினாள் என்றீர்கள். எனக்கும் அண்ணிக்கும் தண்ணீர்க் குடத்திலிருந்து அடுப்புவரை சண்டை என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் உங்கள் பொய் நின்றது. தொமிங்கா நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். என் சிநேகிதி என்று அவளையும் அவன் நம்பவில்லை. "உனக்கு அவளைப் புடிக்காதுதானே" என்று என்னிடம் சொன்னான். அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. நான் அவனுக்கு எழுதும் கடிதங்கள் பிரிக்காமலேயே திரும்பி வருகின்றன.

ஜீப் வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. மருத்துவச்சிக்கும் தெரியாது. ஆனால் பந்தா, பெண்டாட்டியா என்று முடிவு செய்திருக்க வேண்டியவன் அவன். அந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள். எடுத்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டினீர்கள். கட்டிவிட்டு அவனைத் தலைநகரில் விளையாடக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய மனிதர் ஆகிவிட்டீர்கள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண். ஆட்டுப்பால் குடிக்கிறாள், கோபம் வந்தால் கழுத்தெல்லாம் சிவக்கிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. அப்பன் இல்லாமல் ஞானஸ்நானம் வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். அவன் வர மாட்டான். நான் தூக்கி வளர்க்கிற பிள்ளையைப் பார்க்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

அவன் பெற்ற பெயர் அவனுக்கே இருக்கட்டும். அதை அவன் கையால் சம்பாதித்தான். உங்கள் வேலை போக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அவனை எதிரே உட்காரவைத்து, சேதி எப்போது வந்தது, யாரிடம் வந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எப்போது சொல்லப் போகிறீர்கள்?

இப்படிக்கு,
எர்மினியா பெர்கின்ஸ்,
தியோபிலோவின் தங்கை.