வெள்ளை என்று சொன்னேன்

நேற்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் பரப்பியிருந்த ஒரு கடையில் வாயகன்ற கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். அடியில் கீறல் இருக்கிறதா என்று நீ அப்படித்தான் பார்ப்பாய். "வேணுமா வேணாமா மேடம்?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான், யாருக்காகப் பார்க்கிறேன் என்பது உறைத்தது. நீ போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது.

தாம்பரத்தில் விலங்கியல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். படிப்பு முடிந்து நான் பள்ளி ஆசிரியை ஆனேன். நீ சொறியை, அந்த ஜெல்லி மீனை, ஆராயப் போனாய். கோவளத்துக்குப் பக்கத்தில் உங்கள் குப்பத்தில், வலையில் சொறி ஏறினால் பெரியவர்கள் காறித் துப்புவார்கள். உன் அப்பாவின் முன்கையில் சாட்டையடி போலத் தழும்பு. "வேற எதுவுமே கெடைக்கலையா உனக்கு?" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

கரையில் செத்துக் கிடந்த ஒன்றைத் தொட்டு நான் அலறியது நினைவிருக்கிறதா? குடிக்கிற தண்ணீரை ஊற்றப் போனேன். பாட்டிலைத் தட்டிவிட்டாய். "நல்ல தண்ணி ஊத்துனா இன்னும் கொட்டும்டி. கடல் தண்ணி ஊத்து." அதற்கு மூளை இல்லை, இதயம் இல்லை, ஒவ்வோர் இழையிலும் சுருட்டி வைத்த ஊசி ஆயிரக்கணக்கில் இருக்கிறது, உடல் செத்தாலும் தொட்டால் பாயும் என்று, நான் அழ அழ விளக்கினாய். பவளம்கூட இதற்குச் சொந்தம்தான் என்றாய்.

கடலில் நாம் பார்ப்பது அதன் பாதி வாழ்க்கைதான் என்று காட்டியவளும் நீதான். மீதிப் பாதி, சிப்பி ஓட்டின் அடியில் தலைகீழாகத் தொங்கும் கடுகளவு வெள்ளைப் பூ. பருவம் கூடினால் அந்தப் பூ தட்டுத் தட்டாகப் பிரியும். ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டிச் சொறியாக நீந்திப் போகும். உதவித்தொகை நின்ற பிறகும், சேலையூர் வாடகை அறையில் அந்தச் சிப்பிகள் போட்ட நான்கு பாட்டில்களை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கத்தான் காத்திருந்தாய்.

அப்போதுதான் உனக்கு இரத்தப் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவை முடிச்சூருக்குத் திருப்பி, பாட்டில்களை என் சமையலறை மேடையில் இறக்கினாய். எப்படித் தீனி போடுவது என்று காட்டினாய். இரண்டு நாளுக்கு ஒருமுறை கடல் தண்ணீர் மாற்றினால் போதும் என்றாய். ஒன்றரை மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. காலையில் போய் இருட்டித் திரும்புவேன். நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு நாள் ஓடிவிட்டது. சித்திரை வெயில். ஒன்பதாம் நாள் வீடு முழுக்க நாற்றம். சிப்பியில் ஒரு பூ இல்லை. எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டி, பாட்டிலையும் சிப்பியையும் தேய்த்துக் கழுவினேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் உன்னிடம் பாதி உண்மைதான் சொன்னேன். பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது என்றேன். நீ கலங்கவில்லை. தலையணையில் இருந்து கொஞ்சம் எழுந்துகூட விட்டாய்.

"சிப்பிக்கு அடியில பாத்தியா? நெலம சரியில்லன்னா அது புள்ளி புள்ளியா மூடிக்கினு ஒட்டிக்கும். உசுரு அதுக்குள்ள கீது. தண்ணி மாத்துனா திரும்ப வந்துடும்டி. புள்ளி கீதா?"

"இருக்கு" என்றேன்.

"இன்னா கலரு?"

"வெள்ளை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி. பத்திரமா வச்சிரு" என்றாய். தப்பித்தேன் என்று நினைத்தேன். அதிலிருந்து பதினோராம் நாள் நீ இல்லை.

உன் காரியத்துக்கு நான் குப்பத்துக்கு வந்தபோது உன் தம்பி உன் நோட்டைக் கொடுத்தான். திரும்பும் பேருந்தில் பிரித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே உன் சாய்ந்த கையெழுத்து: "புள்ளி முதலில் தேன் நிறம், பிறகு பழுப்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அது உப்புக் கறை." கேளம்பாக்கம் தாண்டி வண்டலூர் வரும்வரை அந்த வரியை விட்டு என் கண் நகரவில்லை.

அப்படியானால் அந்த நொடியே உனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டில் மூடியைத் திறந்து போட்டதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நீ. அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊசி ஏறிய கையால் என் கையைப் பிடித்து, நான் சங்கடப்படாமல் பார்த்துக்கொண்டாய். நீ திட்டியிருந்தால் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன். கடைசிப் பதினோரு நாளும் நாம் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு வரவேண்டிய அந்தத் திட்டு வரவே இல்லை. உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். கொட்டிட்டேன்டி. எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.