தங்கச்சியைப் புதைத்த அவசரம்

நைனாவுக்கு,

தங்கச்சி மகிழினியைக் கொன்றது அந்த டாக்டர்தான். ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவள் சொல்லியும் அதே ஊசியைப் போட்டான். நீங்களும் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் பஹ்ரைனில் சுகம். சேதி கேட்டு மீன்பிடி போட்டின் கேபின் கதவைக் குத்தியதில் இரண்டு விரல் உடைந்தது, அவ்வளவுதான்.

தம்பி வல்லரசு டாக்டரின் பல்லை உடைத்தான். அந்தப் பல்லுக்குச் சட்டம் அன்றைக்கே ஓடிவந்து அவனை உள்ளே தள்ளியது. மகிழினிக்கு அதே சட்டம் வர, இவன் செய்தது தப்பு என்று இன்னொரு டாக்டர் எழுதித்தர வேண்டுமாம். எவன் தருவான்? முதலில் அந்தச் சட்டத்தை உடைக்க வேண்டும்.

தம்பிக்காக வைத்த வக்கீலிடம் போனில் பேசினேன். "போஸ்ட்மார்ட்டம் இன்னாப்பா ஆச்சு?" என்றார்.

"பொணம் வூட்ல கீற வரைக்கும் குப்பத்துல ஒரு போட்டும் கடலுக்குப் போவாது சார். அதான் அவசரமா பொதச்சிட்டாங்க" என்றேன்.

"சாட்சியையும் சேத்துப் பொதச்சிட்டீங்க."

அவள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். போட் கிளம்புகிறது. போஸ்ட்மார்ட்டத்துக்குச் சம்மதம் கேட்கும்போதெல்லாம் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவளைத் தோண்டி எடுக்கச் சம்மதம் சொல்லுங்கள், நைனா.